தோட்டத்துக் குத்தகையாளர்களுக்குக் கொடுத்த சரக்குக் கடன்: காசு வரும்வரை எதை வைத்துச் சமாளிக்கிறீர்கள்?

சிப்புட் உதிரிபாகக் கடை

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். புல்வெட்டி இயந்திரம், அதற்கான கத்தி, மருந்து தெளிக்கும் பம்பு, பூட்ஸ், மண் தோண்டும் பேக்ஹோ இயந்திரத்துக்கு ஹைட்ராலிக் ஹோஸ், எண்ணெய் இவைதான் சரக்கு. கடைக்கு வந்து ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர்களால் வாடகை ஓடும், அவ்வளவுதான். பெரிய வியாபாரம் எல்லாம் குத்தகையாளர்களிடம். லிந்தாங், லாசா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் மறுநடவு, களைமருந்து அடிப்பது, பழம் ஏற்றுவது என்று வேலை எடுத்திருப்பவர்கள் அவர்கள்.

எனக்குச் சரக்கு போடும் ஈப்போ மொத்த வியாபாரி 30 நாள் தவணை தருகிறார். அது முடிந்த மறுநாள் காலையிலேயே போன் வந்துவிடும். என்னிடம் வாங்கியவரைக் கேட்டால், "தோட்டத்துக் காசு ஏறட்டும் தம்பி, முதல்ல ஒனக்குத்தான்" என்கிறார். அது எப்போது ஏறும் என்று அவருக்கே தெரியாது. இரண்டு மாதம் என்பது நான்கு மாதமாகிறது. அதற்குள் அதே ஆள் மறுபடியும் வந்து நிற்கிறார், வேலை நடுவில் நிற்கிறது, ஹோஸ் வேண்டும் என்று. கொடுக்காவிட்டால் வேலை முடியாது. வேலை முடியாவிட்டால் என் பழைய பாக்கியும் வராது. இதுதான் என் கழுத்தைப் பிடிக்கிறது.

இந்த ஊரில் யாரும் எழுதி வாங்குவதில்லை. எல்லாரும் ஒரே கோயில், ஒரே கல்யாண மண்டபம். கறாராகக் கேட்டால் சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். ஆனால் என் கடையில் இரண்டு பையன்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் சம்பளத்தைத் தள்ளிப்போட எனக்கு மனமும் இல்லை, சட்டமும் இடம் கொடுக்காது.

நீங்கள் யாருக்கு எவ்வளவு வரை கடன் கொடுக்கிறீர்கள்? இடைப்பட்ட மாதங்களுக்கு எங்கே கடன் வாங்குகிறீர்கள்? வராத காசை முகத்தை முறித்துக்கொள்ளாமல் வாங்க வழி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சந்தைமுனை மளிகை

தம்பி, எங்கள் கடை அப்பா காலத்துக் கடை. கடன் கொடுக்காத மளிகைக்கடை தோட்டத்து ஊரில் நிற்காது. கடன் எழுதும் 555 நோட்டு இல்லாத கடையை நான் பார்த்ததில்லை. ஆளுக்கு ஒரு நோட்டு, சாமான் பேர், வெள்ளி (ரிங்கிட்), சென். மாதம் முடிந்து சம்பளம் போட்டதும் வந்து தீர்த்துவிடுவார்கள். மிச்சம் இருந்தால் அடுத்த பக்கத்தில் அதை முதல் வரியாக எழுதிக்கொள்வோம்.

உன் கடனையும் என் கடனையும் ஒன்றாகப் பார்க்காதே. வேலைச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். அதனால் தொழிலாளிக்கு நான் கொடுக்கும் கடனுக்கு ஒரு தேதி இருக்கிறது. 8ஆம் தேதி வரை ஆளைக் காணோம் என்றால் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். குத்தகையாளருக்கு அந்த மாதிரித் தேதி எந்தச் சட்டத்திலும் இல்லை. அவருக்கே வந்தால்தான் உனக்கு.

வீட்டுக்காரர்களுக்கு நோட்டுப் போடுகிறேன். குத்தகையாளர் தன் ஆட்களுக்கு மொத்தமாக அரிசி, எண்ணெய், கருவாடு கேட்டு வந்தால் பாதிக் காசு முன்னால் வைக்கச் சொல்கிறேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும்.

லிந்தாங் லோரி

நானும் இதே சிக்கலில்தான் இருக்கிறேன். பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். ஒரு மாத நடைக்கு அடுத்த மாதம் பில், அதற்குப் பிறகு அறுபது நாள். டீசலுக்கு அறுபது நாள் யார் தருவார்கள்? 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குப் போனது. சலுகை அட்டை கிடைத்த லோரிகள் தப்பின. கிடைக்காதவர்கள் பழைய நடைக்கூலியில் புதிய விலை டீசலை ஊற்றி ஓட்டினோம், அதற்கும் காசு பிந்தித்தான் வந்தது. விலை ஏறும்போது பிந்தி வரும் காசு இரண்டு மடங்கு வலிக்கும்.

ஈப்போ கணக்கர்

சின்ன வியாபாரிகளின் கணக்குகளைப் பார்க்கிறவன் நான். உதிரிபாகத் தம்பியின் நிலையை எண்ணாகப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் விகிதத்தை வைத்து நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

20,000 வெள்ளிக்கு பில். இலாபம் நூற்றுக்கு 12 என்றால் 2,400 வெள்ளி. சரக்கின் கொள்முதல் 17,600. முப்பதாம் நாள் மொத்த வியாபாரிக்கு இதைக் கட்டிவிடுகிறீர்கள். குத்தகையாளர் நான்காம் மாத முடிவில்தான் தருகிறார். ஆக மூன்று மாதம் அந்த 17,600 வெளியே கிடக்கிறது.

வீட்டு நகையை அடகு வைத்து அதைக் கட்டினால்? அடகுக்கடைச் சட்டப்படி மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். மாதம் 352 வெள்ளி, மூன்று மாதத்துக்கு 1,056. இலாபத்தில் மிஞ்சுவது 1,344. குத்தகையாளர் ஏழாம் மாதம்தான் தந்தார் என்றால் வட்டி 2,112 ஆகிவிடும். மிச்சம் 288 வெள்ளி. அதற்குள் கடை வாடகை, மின்சாரம், பையன்கள் சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும்.

காசு வரவே இல்லை என்றால் 17,600 போயிற்று. அதை 12 விழுக்காடு இலாபத்தில் மீட்க இன்னும் ஏறத்தாழ 1,46,700 வெள்ளிக்கு வியாபாரம் செய்ய வேண்டும். ஒரே ஒரு ஆளிடம் விட்டதற்காக. இந்தக் கணக்கை என்னிடம் வருகிற எல்லாருக்கும் எழுதிக் காட்டுகிறேன். பார்த்தவர்கள் அதற்குப் பிறகு ஒரே ஆளுக்குப் பெரிய தொகையைக் கடனாக விடத் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் நல்லது.

இன்னொன்றும் யோசியுங்கள். பத்து நாளில் கொடுத்தால் 2 விழுக்காடு குறைத்துக்கொள்கிறேன் என்று பில்லிலேயே போடலாம். 400 வெள்ளி போகும். அடகு வட்டி 1,056 போவதோடு ஒப்பிட்டால் இது இலாபம். ஆனால் எப்படியும் 30 நாளில் கொடுக்கிறவருக்கு இந்தத் தள்ளுபடியைக் கொடுக்காதீர்கள். இருபது நாள் முன்னால் வாங்குவதற்கு நூற்றுக்கு 2 விடுவது ஆண்டுக்கணக்கில் 37 விழுக்காடு வட்டிக்குச் சமம்.

மறுநடவு குத்தகை

எல்லாரும் எங்களைத்தான் பேசுகிறீர்கள், அதனால் நானும் எழுதுகிறேன். நான் தோட்டத்தில் மறுநடவு எடுத்துச் செய்கிறவன். கடைக்காரர்களிடம் பாக்கி வைத்திருக்கிறவனும்தான்.

நாங்கள் காசை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். நடப்பது இதுதான். பழைய செம்பனையைச் சாய்த்து, துண்டு போட்டு, நிலம் திருத்தி, கன்று வைக்கிறோம். மாதக் கடைசியில் அளவெடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் ஒரு அளவு சொல்வார், நான் ஒரு அளவு சொல்வேன். அது தீர்ந்து நிர்வாகி கையெழுத்துப் போட்டால்தான் நான் பில் அனுப்ப முடியும். பில் கோலாலம்பூர் தலைமையகத்துக்குப் போகும். அங்கே மாதத்தில் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் சேர்ந்த பில்தான் அந்த மாதக் கணக்கில் ஏறும். ஒரு நாள் பிந்தினால் அடுத்த மாதம். ஆர்டர் எண் ஒரு இலக்கம் தப்பாக இருந்தால் பில் திரும்பி வரும், நாள் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இதற்கு மேல் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், கன்று பிழைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள்.

ஆட்களுக்கு 7ஆம் தேதி நான் சம்பளம் கொடுத்தாக வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. கையில் வரும் காசு முதலில் அதற்குப் போகும், அப்புறம் டீசல், அப்புறம் இயந்திரத் தவணை. தவணை தவறினால் பேக்ஹோவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடைக்காரர் ஒருவர்தான் எங்களைப் பொறுத்துக்கொள்வார் என்று அவரைக் கடைசியில் வைக்கிறோம். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன்.

கடைக்காரர்களுக்கு ஒரு யோசனை. என் பில் எந்தத் தேதியில் தலைமையகம் போகிறது, எந்தத் தேதியில் காசு ஏறும் என்று முன்கூட்டியே கேளுங்கள். நேர்மையான குத்தகையாளர் சொல்வார். சொல்ல மறுக்கிறவருக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

சிப்புட் உதிரிபாகக் கடை

அண்ணே, மனம் விட்டு எழுதியதற்கு நன்றி. இத்தனை நாள் எனக்குத் தெரிந்ததெல்லாம் "காசு இன்னும் ஏறல" என்ற ஒரு வரிதான். தலைமையகத்துக்கு பில் போக ஒரு கடைசித் தேதி இருக்கிறது என்று எந்தக் குத்தகையாளரும் என்னிடம் சொன்னதில்லை.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் பெரிய தோட்ட நிறுவனத்தின் மேல் பில் இருக்கிறது. என்னிடம் இருப்பது உங்கள் பேரில் நான் எழுதிய பில் மட்டும். பேங்குக்கு இரண்டில் எது பெரிது? அப்படியிருக்க நான் ஏன் அடகுக்கடைக்குப் போக வேண்டும்?

ஈப்போ கணக்கர்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. இந்தப் பேச்சின் முடிச்சே அதுதான்.

பலமான பில் யார் கையில் இருக்கிறதோ, கடன் அவர் பேரில்தான் வாங்கப்பட வேண்டும். பில்லைக் காட்டி முன்பணம் தருகிற நிதி நிறுவனங்கள் இருக்கின்றன. பங்கு ஆணையத்தில் பதிவு பெற்ற இணைய நிதித் தளங்களும் இருக்கின்றன. 2016இல் முதல் ஆறு தளங்களுக்கு ஆணையம் அனுமதி கொடுத்தது. அவற்றில் சில பில் நிதி தருகின்றன. அவர்கள் முதலில் பார்ப்பது பில் யார் மேல் எழுதப்பட்டிருக்கிறது என்பதை. பெயர் பெற்ற தோட்ட நிறுவனத்தின் மேல் இருந்தால் மதிப்பு உண்டு. ஒரு தனி ஆள் நடத்தும் மறுநடவுத் தொழிலின் மேல் இருந்தால் யோசிப்பார்கள். ஆக அந்தக் கடன் குத்தகையாளருக்கு எளிதில், குறைந்த செலவில் கிடைக்கும். கடைக்காரருக்கு அதே பணம் அதிக வட்டிக்குத்தான் கிடைக்கும். இப்போது நம் ஊரில் நடப்பது தலைகீழ். வரிசையில் மிகச் சிறியவன், மிக அதிக வட்டியில் கடன் வாங்கி, மேலே இருக்கிற எல்லாருக்கும் தவணை கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

குத்தகையாளர் அண்ணன் பில் நிதி எடுத்து உங்கள் பாக்கியைப் பத்து நாளில் தீர்த்து, நீங்கள் அவருக்கு அந்த 2 விழுக்காட்டைக் குறைத்தால், அவருடைய நிதிச் செலவில் ஒரு பகுதி அதிலேயே அடங்கிவிடும்.

மறுநடவு குத்தகை

சொல்வது சரிதான் சார். ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில், நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பில்லை வேறு யாருக்கும் மாற்றக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. சம்மதம் கேட்டால், "இவனுக்குக் காசு இல்லை, அடுத்த வேலையைக் கொடுக்கலாமா" என்று யோசிப்பார்கள். அந்தப் பயம் எனக்கு உண்டு. உங்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம். அடுத்த மறுநடவுக்கு விலை கேட்கும் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் என் ஆட்கள் எல்லாரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

தைப்பிங் சட்ட அலுவலகம்

வழக்குரைஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நான் எழுதுவது பொதுவான தகவல். உங்கள் வழக்குக்கு வழக்குரைஞரை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது 1956ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 4ஆம் பிரிவில் இருக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், கடன்பட்ட நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குத்தகையாளர் அண்ணன் சொன்ன தடை வரி பெரிய நிறுவன ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும். அப்போது சம்மதம் கேட்டுத்தான் ஆக வேண்டும். வேலை நடுவில் கேட்பதைவிட விலை கொடுக்கும்போதே, "இன்ன கடைக்காரருக்கான சரக்குத் தொகையை நேராக அவருக்கே செலுத்தலாம்" என்று சேர்த்துக் கொடுத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கடைக்காரத் தம்பிக்கு. 5,000 வெள்ளிக்குள் உள்ள பாக்கிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது. 2012 நீதிமன்ற விதிகளின் 93ஆம் ஆணை. வழக்குரைஞர் வைத்து வாதாட முடியாது, நீங்களே படிவம் நிரப்பி நீங்களே பேச வேண்டும். எதிராளிக்கும் அதே விதி. அதற்கு மேற்பட்ட தொகைக்கு வழக்கமான வழக்கு, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 1 இலட்சம் வெள்ளி வரை. திவாலாக்கிவிடுவேன் என்று மிரட்டிப் பயனில்லை. தனி ஆள் மேல் திவால் நடவடிக்கை எடுக்கவே கடன் குறைந்தது 1 இலட்சம் வெள்ளி இருக்க வேண்டும்.

காலக்கெடு 6 ஆண்டு. இடையில் கடன்காரர் எழுத்தில் பாக்கியை ஒப்புக்கொண்டாலோ, கொஞ்சம் காசு கட்டினாலோ அந்த 6 ஆண்டு அன்றிலிருந்து புதிதாக ஓடும். அதனால் "ஆமா தம்பி, அடுத்த மாதம் கொடுக்கிறேன்" என்று வாட்சாப்பில் வருவதை அழித்துவிடாதீர்கள். எந்த பில், எவ்வளவு என்று அதே உரையாடலில் நீங்களும் எழுதி அனுப்புங்கள். நீதிமன்றங்கள் இப்போது அந்தச் செய்திகளைச் சாட்சியமாகப் பார்க்கின்றன.

காசோலை திரும்பினால் போலீஸ் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இந்தியாவில் அதற்கென்றே தனிக் குற்றப்பிரிவு உண்டு. இங்கே அப்படி இல்லை. ஏமாற்றும் நோக்கத்தை நிரூபித்தால்தான் குற்றம், இல்லையென்றால் சிவில் கோரிக்கை மட்டும். பின்னால் வரும் தேதி போட்ட காசோலையை மட்டும் நம்பிச் சரக்கு கொடுக்காதீர்கள்.

கட்டுமானம் செய்கிறவர்கள் யாராவது படித்தால் இது உங்களுக்கு. தோட்டத்துக்குள் தொழிலாளர் வீடு, சாலை, வடிகால் கட்டும் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 2012ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழில் பணம் செலுத்துதல், தீர்வுச் சட்டம் பொருந்தும். 2014 ஏப்ரல் 15 முதல் அமலில் இருக்கிறது. "எனக்கு வந்தால்தான் உனக்கு" என்ற நிபந்தனை அந்தச் சட்டத்தின் முன் செல்லாது. கட்டுமானப் பொருள் கொடுத்தவரும் அதில் வருவார். புல்வெட்டிக் கத்தியும் களைமருந்தும் வராது. அந்த வியாபாரத்துக்கும் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பது என் கருத்து. பிரிட்டனில் 1998 முதல் பிந்திய பில்லுக்கு வட்டி கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் கூட்டு வட்டி. நாம் எதற்குக் குறைந்தவர்கள்?

ஊசிநூல்

எனக்குத் தையல்கடை. பள்ளிச் சீருடை, கோயில் திருவிழாவுக்குக் குழு உடை தைத்துக் கொடுக்கிறேன். அரசாங்க இடத்தில் பில் கொடுக்கிறவர்களுக்கு ஒரு நல்ல விஷயம் சொல்கிறேன். கருவூல ஆணை 103இன்படி முழுமையான பில் கிடைத்த 14 நாளுக்குள் அரசு அலுவலகம் காசு தர வேண்டும். "முழுமையான" என்பதைக் கவனியுங்கள். ஆர்டர் தாள், டெலிவரி தாளில் வாங்கியவர் கையெழுத்து, முத்திரை, பேங்கு எண் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த 14 நாள் தொடங்காது. நான் பில்லை நேரில் கொண்டுபோய், நகலில் வாங்கிய தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிவிடுவேன்.

இடைக்காலத்துக்குப் பணம் என்றால், பெண்களுக்குச் சிறுகடன் தரும் அமானா இக்தியாரின் "பெண்" திட்டம் 2024 முதல் இருக்கிறது. சிறு குழுவாகச் சேர வேண்டும், ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு, சிறு சிறு தவணை. ஆண்களுக்கும் சேர்த்து தெக்குன் நிறுவனத்தின் ஸ்புமி கடன் நம் சமூகத்துக்கென்றே இருக்கிறது. பேங்க் ராக்யாட்டிலும் 2024இல் இந்திய வணிகர்களுக்கென்று பிரீஃப்-ஐ தொடங்கினார்கள். இவை எல்லாம் விண்ணப்பித்து, தாள் சேர்த்து, காத்திருந்து வாங்க வேண்டியவை. பில்லுக்குக் காசு கொடுக்காதவரால் நாளைக்கே கழுத்து நெரியும்போது இவை கைக்கு எட்டாது. கடை நன்றாக ஓடும்போதே போய்க் கேளுங்கள்.

கூட்டு (சீட்டு) கட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் அக்காமார்கள் மாதாமாதம் கூட்டுப் போட்டு, முறைவைத்து எடுத்து, ஸ்டாக் வாங்குகிறார்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதல் முறை எடுத்தவர் வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போனால் போலீசில் போய் என்ன சொல்வது? வியாபாரப் பணத்தை அதில் வைக்க வேண்டாம் தம்பி.

லிந்தாங் லோரி

அக்கா, தாள் சேர்த்துக் காத்திருக்க எல்லாருக்கும் முடிவதில்லை. எங்கள் பக்கத்தில் மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் போன் எண்ணைக் கூப்பிட்டுக் கடன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கே காசு, தாள் எதுவும் இல்லை. இப்போது கதவில் மிரட்டலுக்கு ஊற்றிய சிவப்புச் சாயம்.

ஈப்போ கணக்கர்

லோரி அண்ணன் சொல்வதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்கும் உரிமம் இல்லாத வட்டிக்காரனான ஆலோங்குக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டப்படி அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அடமானம் உள்ளதற்கு 12 விழுக்காடு, அதற்கு மேல் வாங்கக்கூடாது. உரிமம் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு கொடுப்பது. ஒப்பந்தம் சட்டம் சொல்லும் படிவத்தில் இருக்க வேண்டும், முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும், ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டாலோ, ஏடிஎம் அட்டையையும் அடையாள அட்டையையும் கொடு என்றாலோ, 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்தாலோ அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

முன்னால் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 17,600 வெள்ளிக்கு 18 விழுக்காட்டில் மூன்று மாத வட்டி 792. ஆலோங்கிடம் மாதம் 10 விழுக்காடு என்று வைத்தால் 5,280. அந்த பில்லில் உங்கள் மொத்த இலாபமே 2,400தான். காசு சரியாக நான்காம் மாதம் வந்தால்கூட நீங்கள் தோற்றுவிட்டீர்கள்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்புக்குப் போகலாம். 2006 முதல் இயங்குகிறது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. பேங்குக் கடனைத் திருத்தி அமைக்க உதவுவார்கள். ஆலோங் கடனைத் தீர்த்துவைக்க அவர்களால் முடியாது, அதற்குப் போலீஸ்தான்.

பழைய கிராணி

ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, அதாவது எழுத்தர், நான். இந்த விஷயத்தில் எனக்கும் சொல்ல இருக்கிறது.

அந்தக் காலத்தில் சம்பள நாள் என்றால் ஆபிஸ் வாசலில் கடைக்காரர்கள், துணிக்காரர், வட்டிக்காரர் எல்லாரும் நோட்டோடு நிற்பார்கள். தொழிலாளி காசை எண்ணி முடிப்பதற்குள் பாதி போய்விடும். பார்க்க வருத்தமாக இருக்கும். ஆனாலும் கடன் கொடுத்தவன், வாங்கியவன், சம்பளம் கொடுத்தவன் மூன்று பேரும் ஒரே வாசலில் இருந்தார்கள். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

இப்போது வேலையைத் தோட்டம் நேராகச் செய்வதில்லை. குத்தகைக்கு விடுகிறது. குத்தகையாளர் இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுக்கிறார். காசு கோலாலம்பூரில் இருக்கிறது. கடைக்காரன் சிப்புட்டில் இருக்கிறான். நடுவில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். அதனால் குத்தகையாளர் தம்பியின் பேச்சிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் தம்பி, நீங்கள் சொன்ன ஒன்றை நான் ஏற்கமாட்டேன். பொறுத்துக்கொள்வார் என்று கடைக்காரரைக் கடைசியில் வைப்பதாக எழுதினீர்கள். பொறுக்கிறவனுக்கு முதலில் கொடுக்க வேண்டும். அவன்தானே அடுத்த முறையும் உங்களுக்குச் சரக்கு கொடுக்கப்போகிறவன்?

நம் ஊர்க்காரரான, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட நேரத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கி, சங்கத்தின் பேரில் தோட்டங்களையே வாங்கினார்கள். அவ்வளவு சின்னச் சம்பளத்தில் அதைச் செய்த மக்கள் நாம். சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்துச் சிறு கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, எந்தக் குத்தகையாளர் எத்தனை நாளில் கொடுக்கிறார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டாலே போதும், பாதித் தொல்லை தீரும்.

தைப்பிங் சட்ட அலுவலகம்

ஐயா, யோசனை நல்லது. ஒரு எச்சரிக்கை மட்டும். பெயர் போட்டு, "இவன் கொடுக்கமாட்டான்" என்று குழுவில் பரப்பினால் அவதூறு வழக்கு வரும். இன்ன ஆள் எங்கள் கடைக்கு எத்தனை நாளில் செலுத்தினார் என்று உண்மையை, கேட்கிறவரிடம் மட்டும் சொல்லுங்கள். நிறுவனமாகப் பதிவானவர் என்றால் அதன் விவரத்தை நிறுவன ஆணையத்தில் கட்டணம் கட்டி வாங்கிப் பார்க்கலாம். இயக்குநர் யார், எப்போது பதிவானது என்று தெரியும். செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனத்துக்குப் பெரிய கடன் கொடுத்தால் இயக்குநரின் சொந்த உத்தரவாதத்தை எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் நிறுவனம் மூடிய அன்று யாரைத் தேடுவீர்கள்?

சந்தைமுனை மளிகை

உத்தரவாதம் கேட்டால் இந்த ஊரில் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள் அம்மா. அடுத்த கடைக்குப் போவார்கள். அடுத்த கடைக்காரனும் கேட்டால்தான் நடக்கும்.

சிப்புட் உதிரிபாகக் கடை

எல்லாருக்கும் பெரிய நன்றி. கணக்கர் சாரின் 1,46,700ஐப் படித்துவிட்டு இரவில் தூக்கம் வரவில்லை.

நான் முடிவு செய்திருப்பது இது. இனி ஒவ்வொரு குத்தகையாளருக்கும் ஒரு தாள். கடன் உச்சவரம்பு, பில் கொடுக்கும் நாள், காசு கொடுக்கும் நாள், பிந்தினால் மாதம் 1 விழுக்காடு, யார் வந்து சரக்கு எடுக்கலாம் என்ற பெயர்கள். டெலிவரி தாளில் எடுத்தவர் கையெழுத்தும் அடையாள அட்டை எண்ணும். பழைய பில் தீரும்வரை புதிதாகக் கேட்டு வந்தால், அந்தச் சரக்குக்கு ரொக்கம், அதோடு பழைய பாக்கியில் ஒரு பகுதி. வேலை நிற்கிறது என்று வந்தால் கண்டிப்பாகக் கொடுப்பேன், ஆனால் இந்த முறையில்தான் கொடுப்பேன். எதிர்ச்சாலையில் இருக்கும் இன்னொரு உதிரிபாகக் கடை அண்ணனிடமும் பேசினேன். அவரும் இதே தாளைப் போடச் சம்மதித்துவிட்டார். இது எனக்குப் பெரிய பலம்.

ஸ்புமிக்கும் விண்ணப்பம் போடப்போகிறேன், இப்போது கடை ஓடும்போதே. நகையை மீட்டு வீட்டில் வைக்க வேண்டும்.

மறுநடவு குத்தகை

தம்பி, அந்தத் தாளின் மாதிரியை இங்கே போடுங்கள். நான் வாங்கும் கடைக்காரரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தலைமையகத்துக்குப் பில் போகும் கடைசித் தேதியையும் அதில் ஒரு கட்டமாகச் சேர்த்துவிடுங்கள். அடுத்த வேலைக்கு விலை கொடுக்கும்போது, சரக்குத் தொகையை நேராகக் கடைக்கே செலுத்தும் வரியைச் சேர்த்து அனுப்பிப் பார்க்கிறேன். நிர்வாகி என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுகிறேன்.

ஈப்போ கணக்கர்

மாதிரித் தாளில் ஒரு திருத்தம். பிந்தினால் மாதம் 1 விழுக்காடு என்பது சரக்கு எடுக்கும் முன்பே குத்தகையாளர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். பில்லின் அடியில் பிறகு அச்சடித்தால் அவர் ஒப்புக்கொண்டதாக ஆகாது. இன்னொன்று, மீட்கவே முடியாத பாக்கியை வருமான வரியில் கழிக்கலாம், ஆனால் வசூலிக்க முயன்றதற்கு ஆதாரம் கேட்பார்கள். நினைவூட்டல் கடிதங்களின் நகலை ஆள் வாரியாகக் கோப்பில் வையுங்கள். மாதிரியை எனக்கு அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.